பெருந்தொற்றும் மதுவிலக்குச் சட்டமும்: மதுரை மண்டலத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

முன்னுரை

தமிழ்நாட்டில் கொரோனாவுக்குப் பலியான முதல் நோயாளி 2020 மார்ச் 25 அன்று மதுரை இராசாசி அரசு மருத்துவமனையில் இறந்தார். 43 நாள் கழித்து, மே 7 அன்று, மூடிக்கிடந்த மதுக்கடைகள் திறந்தன. அன்று மாநிலம் முழுவதும் நடந்த விற்பனை 172.59 கோடி ரூபாய். மாநிலத்தின் ஐந்து விற்பனை மண்டலங்களில் முதலிடம் மதுரை மண்டலத்துக்கு: 46.78 கோடி. நோயின் அச்சமும் மதுவின் தேவையும் ஒரே வட்டாரத்தில் நேருக்கு நேர் நின்ற அந்நாட்களில் பீர் ஆலைகளும் வடிசாலைகளும் சில்லறைக் கடைகளும் எந்தச் சட்டத்தின் கீழ் மூடப்பட்டன, எந்த ஆணையால் திறக்கப்பட்டன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. அந்நாளைய குழப்பத்துக்குத் தொற்றைவிட, அதற்கு முன்பே எண்பதாண்டுகளாக வளர்ந்துவந்த சட்ட அமைப்பே முதற்காரணம் என்பது இதன் துணிபு.

விலக்கே விதி, விற்பனை விதிவிலக்கு

1886ஆம் ஆண்டின் சென்னை ஆப்காரிச் சட்டம் கள்ளுக்கடைகளை ஏலம் விட்டு வரி திரட்டும் முறைக்கு வலுச் சேர்த்தது. இராசாசி அமைச்சரவை கொண்டுவந்த 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் அந்தப் போக்கைத் தலைகீழாக்கியது. அவ்வாண்டு அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் தொடங்கிய மதுவிலக்கு, போர்க்காலத் தடங்கலைக் கடந்து, 1948 அக்டோபர் 2 அன்று மதுரை உள்ளிட்ட மாகாணம் முழுமைக்கும் விரிந்தது. 1971 ஆகஸ்டில் மு. கருணாநிதி அரசு அதை ஒத்திவைத்தது. 1974இல் மீண்டும் கொண்டுவந்தது. 1981இல் எம்.ஜி.ஆர். அரசு தளர்த்தியது.

ஆட்சிகள் மாறியும் 1937ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கப்படவில்லை என்பது கவனிக்கத்தக்கது. மது காய்ச்சுவதும் விற்பதும் வைத்திருப்பதும் குற்றம் என்று அச்சட்டம் இன்றும் சொல்கிறது. 1981ஆம் ஆண்டின் அயல்நாட்டு மதுவகை உற்பத்தி விதிகள், 1983ஆம் ஆண்டின் பீர் ஆலை விதிகள் ஆகியவற்றின்படி பெறும் உரிமங்கள் அந்தக் குற்றத்திலிருந்து அரசு தரும் விலக்குகள் மட்டுமே. மது வணிகம் அடிப்படை உரிமை ஆகாது என்று உச்ச நீதிமன்றமும் கோடே டிஸ்டில்லரீஸ் வழக்கில் உறுதிப்படுத்தியிருக்கிறது. ஆகவே துணி ஆலையோ தீப்பெட்டித் தொழிற்சாலையோ ஊரடங்கில் எழுப்பக்கூடிய தொழில் உரிமை வாதத்தை, ஒரு பீர் ஆலை அதே வலுவுடன் எழுப்ப வழியில்லை.

ஒரே கொள்முதலாளர்

1983இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம், அதாவது டாஸ்மாக், மொத்த விற்பனையின் தனியுரிமையைப் பெற்றது. 2003இல் ஜெயலலிதா அரசு சட்டத்தைத் திருத்திச் சில்லறை விற்பனையையும் அதனிடமே ஒப்படைத்தது. அவ்வாண்டு நவம்பர் 29 முதல் அரசே கடைக்காரர் ஆனது. உரிமம் தருவதும் விலை வைப்பதும் வரி விதிப்பதும் அரசு. மாநிலத்துக்குள் சரக்கை வாங்குவதும் அரசு நிறுவனம்.

மாநிலத்தின் பீர் ஆலைகள் பெரும்பாலும் சென்னையை அடுத்த வட மாவட்டங்களில் இருக்கின்றன. அங்கிருந்து மதுரைச் சமவெளியின் கடைக்கு ஒரு பெட்டி பீர் வர வேண்டுமானால் டாஸ்மாக்கின் கொள்முதல் ஆணை வேண்டும். கலால் தீர்வை கட்டியாக வேண்டும். போக்குவரத்து அனுமதிச் சீட்டு வேண்டும். புட்டியின் மீது அரசின் ஹோலோகிராம் முத்திரை வேண்டும். பின்பு மாவட்டக் கிடங்கு, அதன் பிறகே கடை. இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணி அறுந்தால் முதல் கண்ணியான ஆலை மாநிலத்துக்குள் வேறெங்கும் விற்க முடியாது.

2020 மார்ச் 24 மாலை அந்தக் கடைசிக் கண்ணி அறுந்தது. பேரிடர் மேலாண்மைச் சட்டம், 2005இன் கீழ் வந்த தேசிய ஊரடங்கு ஆணையின் இன்றியமையாப் பண்டங்கள் பட்டியலில் மது இல்லை. ஏப்ரல் 15 அன்று உள்துறை அமைச்சகம் வெளியிட்ட வழிகாட்டுதல் மது விற்பனையை வெளிப்படையாகவே தடை செய்தது. பீருக்கு இது இரட்டை அடி. பங்குனி, சித்திரை வெயிலே அதன் பருவம். புட்டியில் அடைத்த பீருக்குப் பொதுவாக ஆறு மாத ஆயுள்தான். பிராந்தியும் ரம்மும் கிடங்கில் காத்திருக்கலாம், பீர் காத்திருக்காது.

வடிசாலைகளுக்கு ஒரு மாற்றுவழியாவது கிடைத்தது. மார்ச் 13 அன்று கைச் சுத்திகரிப்புத் திரவம் (சானிடைசர்) இன்றியமையாப் பண்டமாக அறிவிக்கப்பட்டது. 200 மில்லி புட்டிக்கு 100 ரூபாய் உச்சவிலை விதிக்கப்பட்டது. அதைத் தயாரிக்க வடிசாலைகளுக்கு விரைந்து உரிமம் தருமாறு மத்திய அரசு மாநிலங்களைக் கேட்டுக்கொண்டது. உலக சுகாதார நிறுவனத்தின் செய்முறைப்படி அத்திரவத்தில் எத்தனால் 80 விழுக்காடு இருக்க வேண்டும். நொதிக்க மட்டுமே தெரிந்த பீர் ஆலையில் கிடைப்பது பெரும்பாலும் அதில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாத சாராயச்சத்து; வடிக்கும் கருவியும் அங்கில்லை. ஒரே சட்டத்தின் கீழ் உரிமம் பெற்ற இரு தொழில்களில் ஒன்றுக்கு மட்டுமே இவ்வழி திறந்தது.

நீதிமன்றத்தில் பத்து நாட்கள்

மே 1 அன்று வந்த உள்துறை ஆணை, ஆறடி இடைவெளி, ஒரே நேரத்தில் ஐந்து பேர் என்ற நிபந்தனைகளோடு மதுக்கடைகளுக்கு இடம் கொடுத்தது. சென்னை நீங்கலாக மே 7 முதல் கடைகளைத் திறக்க மாநில அரசு முடிவு செய்தது. குவார்ட்டருக்கு 10 ரூபாயும் 20 ரூபாயுமாக விலையையும் உயர்த்தியது.

மே 6 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகள் வினீத் கோத்தாரி, புஷ்பா சத்தியநாராயணா அமர்வு திறப்புக்குத் தடை விதிக்க மறுத்தது. ஆனால் ரொக்கம் கொடுத்தால் ஒரு புட்டி, மின்னணு முறையில் செலுத்தினால் இரண்டு, இரசீதில் ஆதார் எண், மூன்று நாளுக்கு ஒருமுறை மட்டும் என்று நிபந்தனைகள் விதித்தது. மறுநாள் கடைவாசல்களில் கூடிய கூட்டத்தில் இந்த நிபந்தனைகள் காற்றில் பறந்தன. மே 8 அன்று அதே அமர்வு, ஊரடங்கு முடியும் வரை கடைகளை மூட வேண்டும் என்றும், இணையவழியில் விற்று வீட்டுக்கே கொண்டு சேர்க்கலாம் என்றும் ஆணையிட்டது.

இந்த இணையவழி விற்பனைக்கு மாநிலத்தில் ஏற்பாடே இல்லை. 2003ஆம் ஆண்டின் சில்லறை விற்பனை விதிகள் கடையையும் பாரையும் மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை. எந்த முறையில் விற்பது என்பது அரசின் கொள்கை முடிவு என்று மாநில அரசு மேல்முறையீடு செய்தது. மே 15 அன்று உச்ச நீதிமன்றம் உயர் நீதிமன்ற ஆணைக்குத் தடை விதித்தது. மறுநாளே கடைகள் திறந்தன. கடைக்கு நாளொன்றுக்கு 500 பேர் என்ற டோக்கன் முறை வந்தது.

அண்டை மாநிலங்கள் வேறு வழிகளில் நடந்தன. மருத்துவர் சீட்டுடன் வருவோருக்கு மது தரக் கேரள அரசு பிறப்பித்த ஆணையை ஏப்ரல் 2 அன்று அம்மாநில உயர் நீதிமன்றம் நிறுத்தியது. பின்னர் அங்கு செயலி வழியே முறைச்சீட்டு வந்தது. கருநாடகம் சிறு பீர்க் கூடங்கள் தம் சரக்கைப் பொட்டலமாக விற்கத் தற்காலிக அனுமதி தந்தது. தமிழ்நாட்டில் உற்பத்தியாளர் நேரடியாக விற்கும் அந்தக் கதவு திறக்கவில்லை.

மதுரையில் மீண்டும் மீண்டும்

திறந்த கடைகள் மதுரையில் நிலைக்கவில்லை. 2020 ஜூன் 24 முதல் மாநகராட்சிப் பகுதி, பரவை பேரூராட்சி, மதுரை கிழக்கு, மேற்கு, திருப்பரங்குன்றம் ஒன்றியங்கள் முழு ஊரடங்குக்குள் வந்தன. ஜூலை நடுப்பகுதி வரை அது நீண்டது. ஒன்றிய எல்லைக்கு இப்பால் கடை பூட்டு, அப்பால் திறப்பு. கடைகளை ஒட்டிய பார்கள் 2020 டிசம்பர் 29 வரை மூடியே இருந்தன.

இரண்டாம் அலையில் 2021 மே 10 அன்று கடைகள் மீண்டும் மூடப்பட்டன. ஜூன் 14 அன்று தொற்று குறைந்த 27 மாவட்டங்களில் திறந்தபோது விற்பனை 164.87 கோடி, இம்முறையும் முதலிடம் மதுரை மண்டலத்துக்கே, 49.54 கோடி. மூடிய காலத்தில் வேட்கை அடங்கவில்லை, ஒத்திவைக்கப்பட்டது என்பதையே இவ்விரு திறப்பு நாட்களும் காட்டுகின்றன.

முடிவுரை

டாஸ்மாக் வழி அரசுக்கு வந்த வருவாய் 2019-20இல் 33,133 கோடி ரூபாய். ஆறு வாரத்துக்கு மேல் கடைகள் பூட்டிக்கிடந்த பெருந்தொற்றின் ஆண்டான 2020-21இலோ 33,811 கோடி. விலை உயர்வு கருவூலத்தைக் காத்தது. ஆலையில் தேங்கிய பீருக்கும் மூடிய பாரின் உரிமதாரருக்கும் அவ்வாறான காப்பு சட்டத்தில் இல்லை. நெருக்கடியில் ஆலைகள் என்ன செய்யலாம், காலாவதியாகும் சரக்கின் தீர்வை யார் தலையில், கூட்டமின்றி விற்பது எப்படி என்ற மூன்று கேள்விகளுக்கும் 1937ஆம் ஆண்டுச் சட்டத்திலோ அதன் விதிகளிலோ தெளிவான விடை இல்லாததால்தான் அவற்றுக்கான விடைகள் ஆணைக்கு ஆணை, அமர்வுக்கு அமர்வு மாறின. மதுவை விலக்குவதா விற்பதா என்பது அரசியல் முடிவு. ஆனால் விற்பது என்று முடிவு செய்த அரசு, அடுத்த தொற்று வருமுன் அவசரகால விதிகளைச் சட்டமன்றத்தில் வைத்து இயற்றிக்கொள்வதே முறை.