ஃபோபோஸ்: அச்சத்தின் பெயரைச் சுமக்கும் நிலவு

செவ்வாய்க் கிரகத்தின் இரு நிலவுகளில் பெரியதான ஃபோபோஸ், தன் கிரகத்தை நோக்கி மெல்லச் சரிந்து வருகிறது. நூறு ஆண்டுகளுக்கு ஏறத்தாழ 1.8 மீட்டர் என்ற அளவில் அது நெருங்கிவருகிறது. சுமார் 5 கோடி ஆண்டுகளில் அது செவ்வாயில் மோதும், அல்லது அதற்கு முன்பே உடைந்து செவ்வாயைச் சுற்றி ஒரு வளையமாகிவிடும் என்று விஞ்ஞானிகள் கணித்துள்ளனர்.

கிரேக்க மொழியில் ஃபோபோஸ் என்றால் அச்சம். குறிப்பாக, படைகளைச் சிதறி ஓடச் செய்யும் பீதி. போர்க் கடவுளான ஏரிஸுக்கும் காதல் தெய்வமான அஃப்ரொடைட்டிக்கும் பிறந்தவர் இவர். திகிலைக் குறிக்கும் டைமோஸ் இவரது சகோதரர். ஹோமரின் இலியட் காவியத்தில், தன் தேரைப் பூட்டுமாறு ஏரிஸ் இவ்விருவருக்கும் கட்டளையிடுகிறார்.

புராணங்களில் ஃபோபோஸுக்குத் தனிக்கதை என்று அதிகம் இல்லை. ஆனால் அரசியலில் அவருக்கு இடமிருந்தது. ஸ்பார்ட்டாவில், எஃபோர்கள் எனப்பட்ட உயர் அதிகாரிகள் உணவருந்தும் மண்டபத்தை ஒட்டி அவருக்கு வழிபாட்டிடம் இருந்ததாக வரலாற்றாசிரியர் புளூட்டார்க் எழுதுகிறார். விரட்டப்பட வேண்டிய தீய சக்தியாக அல்ல, அரசைக் கட்டிக்காக்கும் சக்தியாகவே ஸ்பார்ட்டர்கள் அச்சத்தைப் போற்றினர் என்பது அவர் தரும் விளக்கம். கி.மு. 331இல் கௌகமேலா போருக்கு முன்பு மாவீரன் அலெக்சாந்தரும் ஃபோபோஸுக்குப் பலி கொடுத்தார் என்றும் அவர் கூறுகிறார். அச்சத்தை ஆட்சிக் கருவியாகக் காணும் சிந்தனை மக்கியவெல்லிக்கு வெகுகாலம் முந்தையது.

1877 ஆகஸ்ட்டில், வாஷிங்டனில் உள்ள அமெரிக்கக் கடற்படை வானாய்வகத்தில் அசாஃப் ஹால் இரு நிலவுகளையும் கண்டறிந்தார். தேடலைக் கைவிட இருந்த அவரைத் தொடருமாறு தூண்டியவர் அவரது மனைவி ஏஞ்சலின் ஸ்டிக்னி. ஃபோபோஸில் உள்ள மிகப் பெரிய பள்ளத்துக்கு அவர் பெயரே சூட்டப்பட்டுள்ளது. செவ்வாய்க்கு ரோமானியப் போர்க் கடவுளின் பெயர் இருந்ததால், அவருக்கு இணையான ஏரிஸின் புதல்வர்களது பெயர்களை இங்கிலாந்தின் ஈட்டன் பள்ளி ஆசிரியர் ஹென்றி மாடன் பரிந்துரைத்தார்.

சுமார் 22 கிலோமீட்டர் குறுக்களவே கொண்ட இந்த நிலவு, செவ்வாயின் தரையிலிருந்து ஏறத்தாழ 6,000 கிலோமீட்டர் உயரத்தில், 7 மணி 39 நிமிடங்களில் ஒரு சுற்றை முடிக்கிறது. செவ்வாய் தன்னைத்தானே சுற்றுவதை விட இது வேகமானது என்பதால், அங்கிருந்து பார்ப்பவருக்கு ஃபோபோஸ் மேற்கில் உதித்துக் கிழக்கில் மறையும்.

அது எங்கிருந்து வந்தது என்பதில்தான் சர்ச்சை. கருமையான அதன் மேற்பரப்பு, செவ்வாயின் ஈர்ப்பில் சிக்கிய விண்கல் என்ற எண்ணத்தைத் தருகிறது. ஆனால் அப்படிச் சிக்கிய ஒன்று, கிரகத்தின் நடுக்கோட்டுக்கு மேலாக ஏறக்குறைய வட்டமான பாதையில் சுற்றுவது கடினம். ஆகவே, பெரும் மோதல் ஒன்றில் செவ்வாயிலிருந்து சிதறிய பொருளே திரண்டு நிலவானது என்று மற்றொரு தரப்பினர் வாதிடுகின்றனர். சோவியத் விஞ்ஞானி ஷ்க்லோவ்ஸ்கி 1950களின் இறுதியில், இது உள்ளீடற்ற செயற்கைக் கோளாக இருக்கலாம் என்றுகூடக் கூறினார். பிந்தைய அளவீடுகள் அதை மறுத்துவிட்டன.

விடை அதன் மண்ணில் இருக்கிறது. அதைத் தேடிச் சென்ற முயற்சிகளோ துரதிர்ஷ்டவசமானவை. சோவியத் ஒன்றியத்தின் ஃபோபோஸ்-1, தவறான கட்டளையொன்றால் 1988இல் வழியிலேயே செயலிழந்தது. ஃபோபோஸ்-2, நிலவை நெருங்கிய வேளையில் 1989 மார்ச்சில் மௌனமானது. மண்ணை அள்ளிவர ரஷ்யா 2011இல் ஏவிய ஃபோபோஸ்-கிரண்ட், சீனாவின் சிறிய விண்கலம் ஒன்றையும் சுமந்தபடி, புவியின் சுற்றுப்பாதையைத் தாண்டாமலேயே 2012 ஜனவரியில் விழுந்தது. இந்தியாவின் மங்கள்யான், செவ்வாயைச் சுற்றிவந்தபடியே 2020 ஜூலையில் 4,200 கிலோமீட்டர் தொலைவிலிருந்து ஃபோபோஸைப் படம் பிடித்தது.

அடுத்த முயற்சி ஜப்பானுடையது. அதன் எம்.எம்.எக்ஸ். விண்கலத்தை 2024இல் ஏவத் திட்டமிடப்பட்டிருந்தது. எச்-3 ராக்கெட்டின் முதல் பயணம் தோல்வியுற்றதைத் தொடர்ந்து அது 2026க்கு ஒத்திவைக்கப்பட்டது. ஃபோபோஸில் இறங்கிக் குறைந்தது 10 கிராம் மண்ணை எடுத்து, 2031இல் புவிக்குக் கொண்டுவருவது அத்திட்டத்தின் நோக்கமாகும்.