முத்துப்புழுவின் பெயர்மாற்றம்

வன்னிப் பெருநிலத்தின் மேற்குக் கரையில், அரிப்பு, சிலாவத்துறை, மறிச்சுக்கட்டி ஆகிய ஊர்களுக்கு எதிரே கடலுள் அமைந்த முத்துப்பார்களின் வரலாறு பெரும்பாலும் வருமானக் கணக்காகவே எழுதப்பட்டுள்ளது. அவ்வரலாற்றில் ஒரு தட்டைப்புழுவின் பெயருக்கும் பங்குண்டு என்பதை நாம் இங்கு காட்ட முற்படுகிறோம்.

முத்துத் தோன்றுதற்குப் புழு காரணமாகலாம் என்று 1850களின் இறுதியில் கருதியவர் இலங்கையிற் பிறந்த மருத்துவர் கெலார்ட். 1902இல் அரசின் பொருட்டு வந்த பேராசிரியர் ஹேர்ட்மனும் அவருடைய உதவியாளர் ஹோர்னெலும் அக்கருத்தைக் கொள்கையாக வளர்த்தனர். சிப்பியின் உடலிற் காணப்படும் உருண்டையான நாடாப்புழுக் குடம்பியே முத்தின் கரு என்பதும், அப்புழு திருக்கையின் குடலில் முதிர்ச்சியடைகிறது என்பதும் அவர்தம் முடிபு. 1904இல் ஷிப்லியும் ஹோர்னெலும் அதற்குத் தெத்ராரிங்கஸ் யூனியோனிஃபாக்டர் எனப் பெயரிட்டனர். 'முத்தாக்கி' என்பது பின்சொல்லின் பொருள். கருதுகோளொன்றையே பெயராகச் சூட்டியமை துணிச்சலான செயல்தான்!

1905இல் எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. மறு ஆண்டே அரசு ஆண்டுக்கு 3,10,000 ரூபா வாடகையில் இருபதாண்டுக் குத்தகையாகப் பார்களைத் தனியார் கம்பனியொன்றுக்கு வழங்கிற்று. 1907க்குப் பின் பல ஆண்டுகள் முத்துக்குளிப்பே நிகழவில்லை. முத்தின் பிறப்பை விளக்கிய கொள்கையால் சிப்பியின் வரவை உறுதிசெய்ய இயலவில்லை. கல்லைக் கட்டிக்கொண்டு மூழ்கிய சுழியோடிகளின் கூலியும் அதனோடு நின்றது.

கொள்கையை மறுத்தவர் ஜேம்சன். ஐரோப்பிய மட்டிகளில் முத்துக்குப் புழுவே காரணம் என 1902இல் நிறுவியவரும் அவரே என்பது கவனிக்கத்தக்கது. இலங்கை முத்துக்களின் சுண்ணாம்பை அமிலத்தாற் கரைத்துச் சீவி நோக்கிய அவர், நடுவிற் புழுவைக் காணாது, சிப்பியே சுரந்த தூண்வடிவப் பொருளையே பெரிதும் கண்டார். உருண்டைக் குடம்பிகள் யூனியோனிஃபாக்டரின் இளம்பருவம் அல்ல. தைலோசெபாலம் என்னும் வேறொரு பேரினத்தைச் சார்ந்தவை என்றார். 1912இல் அவற்றுள் ஒன்றுக்கு அவர் இட்ட பெயர் லூடிஃபிகன்ஸ், அதாவது 'ஏமாற்றி'. முத்தாக்கி எட்டே ஆண்டுகளில் ஏமாற்றியாயிற்று.

ஜேம்சன் ஒரு முத்தை அறிய அதனை அழிக்கவேண்டியிருந்தது. இன்று நுண் ஊடுகதிர்ப் படப்பிடிப்பு முத்தை உடைக்காமலே அதன் உள்ளமைப்பை அடுக்கடுக்காகக் காட்டுகிறது. இயற்கை முத்துக்கள் பலவற்றின் நடுவில் அது காட்டுவதும் தூண்வடிவக் கல்சைற்றும் கரிமப்பொருளுமே.

எனினும் புழுவின் பெயர்ச்சிக்கல் படத்தால் மட்டும் தீராது. பேரினங்களைப் பிரித்தறியும் முதிர்நிலை உறுப்புகள் குடம்பியில் இல்லை. பழைய கண்ணாடித் தகடுகளிலுள்ள குடம்பியை, இன்று பிடிபடும் திருக்கையின் குடற்புழுவுடன் உருவாலும் மரபணுவாலும் ஒப்பிடவேண்டும். அத்திருக்கைகள் வந்து சேர்வது சிலாவத்துறை மீனவரின் வலைகளிலேயே.