சொல்லச் சொல்ல எழுதியவர்கள்

பம்பாய்க்கு வந்து பதினேழு வருஷம் ஆகிறது. செம்பூர், மாட்டுங்கா, தாராவி என்று நம்மவர்கள் இருக்கும் இடங்களில் அடிக்கடி காதில் விழும் கேள்வி ஒன்று உண்டு. "பையனுக்குப் பார்வை குறைவு, பன்னிரண்டாவது முடிக்கப் போகிறான். இங்கே காலேஜில் சேர்த்துக்கொள்வார்களா?" கேட்பவர்கள் விவரம் தெரிந்தவர்கள்தான். ஆனால் இந்த விஷயத்தை யாரும் உட்காரவைத்துச் சொல்வதில்லை. தெரிந்தவரை நான் சொல்லிப் பார்க்கிறேன். கொஞ்சம் பழைய கதையிலிருந்து தொடங்க வேண்டும்.

பார்வையற்றவர்களுக்கான முதல் பள்ளி நம் நாட்டில் 1887-ல் அமிர்தசரஸில் தொடங்கியது. அடுத்த சில வருஷங்களிலேயே நம் பாளையங்கோட்டையிலும் ஒன்று வந்துவிட்டது. அப்புறம் அரை நூற்றாண்டுக்கும் மேலாக ஒவ்வொரு மொழிக்கும் ஒரு பிரெய்ல், ஏன் ஒரே மொழிக்கு இரண்டு மூன்று பிரெய்ல் என்று குழப்பம். 1951-ல்தான் இந்திய மொழிகளுக்குப் பொதுவான பாரதி பிரெய்ல் வந்தது. அதே வருஷம் டேராடூனில் பிரெய்ல் அச்சகமும் வந்தது.

பள்ளிப் புத்தகத்துக்கு வழி பிறந்தது. கல்லூரிக்கு? சிலபஸ் மாறிக்கொண்டே இருக்கும். ஒரு சாதாரணப் புத்தகமே பிரெய்லில் பல வால்யூம் ஆகிவிடும். ஆகவே கல்லூரிக்குப் போனவர்கள் இரண்டு பேரை நம்பித்தான் படித்தார்கள். ஒருவர் பாடத்தை வாசித்துக் காட்டுபவர். இன்னொருவர் பரீட்சையில் சொல்லச் சொல்ல எழுதுபவர், அதாவது ஸ்கிரைப்.

கல்கத்தாவின் சாதன் குப்தா அந்தக் காலத்து மனிதர். சிறு வயதிலேயே பார்வையை இழந்தவர். பிரசிடென்சி கல்லூரியில் படித்து, இங்கிலாந்து போய் பாரிஸ்டர் ஆனார். 1953-ல் இடைத்தேர்தலில் ஜெயித்து நாடாளுமன்றம் போனார். 1986-ல் மேற்கு வங்கத்தின் அட்வகேட் ஜெனரல். ஆனால் இதெல்லாம் தனி மனிதரின் முயற்சி. இடம் கொடு என்று கல்லூரியைக் கேட்க அன்று சட்டம் இல்லை.

அந்தச் சட்டம் 1995 டிசம்பரில்தான் வந்தது. அதற்காக ஜாவேத் அபிதி போன்றவர்கள் டெல்லியில் தெருவில் இறங்க வேண்டியிருந்தது. அரசுக் கல்லூரிகளிலும் அரசு உதவி பெறும் கல்லூரிகளிலும் 3 சதவீத இடம் என்றது சட்டம். நல்லதுதான். ஆனால் ஏழு வகை ஊனங்களை மட்டுமே அது கணக்கில் எடுத்தது. டிஸ்லெக்ஸியா உள்ள பிள்ளைக்கு அதில் பெயரே கிடையாது.

இடம் கிடைத்தாலும் பரீட்சை இருக்கிறதே! ஸ்கிரைப் விஷயத்தில் ஒவ்வொரு தேர்வுக்கும் ஒரு விதி இருந்தது. வயது, படிப்பு, மார்க் என்று பல நிபந்தனை. 2013-ல் மத்திய அரசு வழிகாட்டு நெறி கொண்டுவந்து, அப்படியெல்லாம் வரம்பு வைக்கக் கூடாது, ஒரு மணி நேரத்துக்குக் குறைந்தது 20 நிமிஷம் கூடுதல் தர வேண்டும் என்றது. 2018-ல் சொந்தமாக ஆள் கூட்டி வந்தால் அவர் மாணவரைவிட ஒரு படி குறைவாகப் படித்திருக்க வேண்டும் என்று மாற்றினார்கள். 2025-ல் மறுபடி மாற்றம். தேர்வு நடத்துபவர்களே ஆட்களைத் தயாராக வைத்திருக்கட்டும் என்பது இப்போதைய போக்கு. எனவே எந்தப் பரீட்சை எழுதினாலும் அன்றைய விதியை வாங்கிப் படித்துவிடுங்கள்.

சனிக்கிழமைகளில் சில மாணவர்களுக்கு நான் வாசித்துக் காட்டுவதுண்டு. பொருளாதாரப் புத்தகத்தில் வளைகோடு ஒன்று வரும். அது எங்கே ஏறுகிறது, எங்கே வளைகிறது என்று வாயால் சொல்லிப் பாருங்கள், கஷ்டம் புரியும். பரீட்சையில் இதே வேலை தலைகீழாக நடக்கிறது. மாணவர் மனதில் இருக்கும் படத்தை ஸ்கிரைப் வரைய வேண்டும். பாடம் தெரியாத ஸ்கிரைப் வந்தால் மார்க் போவது மாணவருக்குத்தான். இந்த விதிச் சண்டைகளுக்குப் பின்னால் இருப்பது இதுதான்.

இதற்கிடையே கம்ப்யூட்டர் வந்து பாதிக் கதையை மாற்றியது. திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் என்.வி.டி.ஏ. 2006-லிருந்து இலவசமாகக் கிடைக்கிறது. 2012-ல் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி, புத்தகங்களைப் பார்வையற்றோர் படிக்கும் வடிவத்துக்கு மாற்ற வழி செய்தார்கள். இதற்கான சர்வதேச மராகேஷ் ஒப்பந்தத்தை 2014-ல் உலகிலேயே முதலில் ஏற்றது இந்தியா. 2016-ல் சுகம்ய புஸ்தகாலயா என்ற இணைய நூலகம் வந்தது. இங்கே பம்பாய் செயின்ட் சேவியர் கல்லூரியில் 2003-லிருந்தே இதற்கென்று தனி மையம் இருக்கிறது.

2016-ல் புதுச் சட்டம். ஏழு வகை 21 ஆனது, டிஸ்லெக்ஸியாவும் ஆட்டிசமும் உள்ளே வந்தன. உயர்கல்வியில் இடம் 5 சதவீதம். சேரும் வயது வரம்பில் ஐந்து வருஷம் சலுகை. 40 சதவீதத்துக்குக் குறைந்தவர்களுக்கும் எழுதுவதில் சிரமம் இருந்தால் ஸ்கிரைப் மறுக்கக் கூடாது என்று 2021-ல் விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

நம்மைப் போல் வெளிமாநிலத்தில் இருப்பவர்கள் அந்தச் சட்டத்தில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, ஊரில் வாங்கிய ஊனச் சான்றிதழ் நாடு முழுக்கச் செல்லும். இரண்டு, இரண்டாம், மூன்றாம் மொழிப் பாடத்திலிருந்து விலக்குத் தரச் சட்டம் சொல்கிறது. வீட்டில் தமிழ், ஸ்கூலில் ஆங்கிலம், இந்தி, மராத்தி என்று திணறும் டிஸ்லெக்ஸியா பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்!

பன்னிரண்டாவது வரை காத்திருக்க வேண்டாம். சான்றிதழையும் யு.டி.ஐ.டி. கார்டையும் ஒன்பதாவதிலேயே வாங்கி வையுங்கள். டைப்பிங் பழகட்டும். ஸ்கிரைபோடு உட்கார்ந்து மாதிரிப் பரீட்சை நாலைந்து எழுதட்டும். சொல்லி எழுதவைப்பதும் பழகினால்தான் வரும்.

உங்கள் வீட்டில் பிளஸ் ஒன், பிளஸ் டூ படிக்கும் பிள்ளை இருந்தால் பக்கத்துக் கல்லூரியில் ஸ்கிரைபாகப் பெயர் கொடுக்கச் சொல்லுங்கள். தமிழ் எழுதத் தெரிந்தால் இன்னும் நல்லது. தமிழில் பரீட்சை எழுதும் பிள்ளைக்கு இந்த ஊரில் ஸ்கிரைப் கிடைப்பது குதிரைக்கொம்பு. மூன்று மணி நேர வேலைதான். எதிரே உட்கார்ந்து சொல்பவருக்கு அது ஒரு வருஷப் படிப்பு.