அடுத்த எண்ணில் இருந்த பெண்

இந்த வாரம் கொஞ்சம் சொந்தக் கதை.

என் ஆயாவோட தாத்தாவுக்கு ஒரு தம்பி இருந்தார். "வெள்ளைக்காரன் ஏமாத்திக் கப்பல்ல ஏத்திட்டான்." அவரைப் பற்றி எங்கள் வீட்டில் இருந்தது இந்த ஒரு வரிதான். போன இடம், நெட்டால்.

1860 நவம்பர் 16 அன்று, சென்னையிலிருந்து கிளம்பிய 'ட்ரூரோ' கப்பல் டர்பன் போய்ச் சேர்ந்தது. அதில் தொடங்கி 1911 வரை சுமார் 1,52,000 பேர் ஐந்தாண்டு ஒப்பந்தக் கூலிகளாகத் தென்னாப்பிரிக்காவின் நெட்டாலுக்குப் போனார்கள். அதில் மூன்றில் இரண்டு பங்கு சென்னையில் கப்பல் ஏறியவர்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு எண். நம்ம பாஷையில சொன்னா, பிரைமரி கீ. அந்தக் கப்பல் பட்டியல்கள் இன்றைக்கு டேட்டாபேஸாகவே இருக்கு.

ரொம்ப ஈஸின்னு நினைச்சேன். பெயரைப் போட்டுத் தேடினா நூற்றுக்கணக்கில் வந்து கொட்டுது. கிளார்க்குகள் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியதால் ஒரே பெயருக்குப் பல ஸ்பெல்லிங். கோட் எழுதிப் பார்த்தும் குறையவில்லை.

கடைசியில் ஆயாவிடமே போனேன். அவருடைய அப்பா பெயர் என்ன, எந்த ஊர், எந்தத் தாலுகா? மூன்றையும் ஆயா யோசிக்காமல் சொல்லிட்டாங்க. பட்டியலில் தகப்பன் பெயர், ஜில்லா, கிராமம் எல்லாவற்றுக்கும் தனித்தனிக் கட்டம் உண்டு. மூன்றும் பொருந்தியது ஒரே ஒருவருக்கு. வட ஆற்காடு ஜில்லா, வயது 22.

அதோட நிறுத்தியிருக்கலாம். அடுத்த எண்ணையும் பார்த்தேன். வயது 19, ஒரு பெண். அதே கிராமம், வேற சாதி.

குடும்பமாகப் போனவர்களுக்குத்தான் பெரும்பாலும் அடுத்தடுத்த எண் வரும். ஆனா அவசரப்பட வேண்டாம். 100 ஆண்களுக்கு 40 பெண்களாவது போகணும்னு விதி இருந்தது. டிப்போவிலேயே ஜோடி சேர்ந்து பதிந்தவர்களும் உண்டு. இந்த இரண்டு வரியை வெச்சு ஓடிப் போனாங்கன்னு நான் சொல்ல முடியாது. அங்கே கல்யாணங்களைப் பதிந்தது குடியேற்றப் பாதுகாவலர் அலுவலகம். அந்தக் காகிதங்கள் பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆவணக் காப்பகத்தில் இருக்கு. அடுத்து அங்கேதான் கேட்கணும்.

ஆயாகிட்ட சொன்னேன். ரொம்ப நேரம் பேசலை. அப்புறம், "அதான் அவரு பேரை எடுத்தாலே எங்க தாத்தா எழுந்து போயிடுவாரு கண்ணு" என்றார்.

தாத்தா எழுந்து போவார் என்பதை ஆயா இத்தனை வருஷத்தில் யாரிடமும் சொன்னதில்லை. யாரும் கேட்டதில்லை.

உங்க வீட்டிலும் நெட்டால், மொரீஷியஸ், பிஜின்னு போனவங்க இருந்தா, பெரியவங்க இருக்கும்போதே தகப்பன் பெயர், ஊர், தாலுகா மூணையும் கேட்டு எழுதி வைங்க. பெயர் மட்டும் போதாது.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.