பழைய வீணையை ஆன்லைனில் விற்கப் போறீங்களா? போட்டோ எடுக்கும்போது இதைக் கவனிங்க!

ஆன்லைனில் பழைய வீணை தேடுபவர் முதலில் பார்ப்பது போட்டோவைத்தான். சுமார் 4 அடி நீளமுள்ள தஞ்சாவூர் வீணையை ஒரே ஃபிரேமில் அடக்க, பலரும் குடத்துக்குப் பக்கத்தில் நின்று வைடு லென்ஸில் எடுத்துவிடுகிறார்கள். குடம் பூதாகரமாகவும் யாளி முகம் சுண்டைக்காய் மாதிரியும் தெரியும். நல்ல தண்டிகூட வளைந்திருப்பதுபோல் தோன்றும்.

ஏழெட்டு அடி தள்ளி, வீணையின் நடுப்பகுதிக்கு நேராக நின்று, 2 எக்ஸ் ஜூமில் எடுங்க. ஃபிரேமுக்குள் வீணை குறுக்காகச் சாய்ந்திருந்தால் வெற்றிடம் குறையும்.

ஃபிளாஷ் வேண்டாம், பாலிஷில் பட்டுக் கண்ணைக் கூசும். ஜன்னல் வெளிச்சமே போதும். வெளிச்சத்துக்காக மொட்டை மாடி வெயிலில் வைத்துவிடாதீங்க! வீணையின் 24 மெட்டுகளும் மெழுகில் பதிக்கப்பட்டவை. மெழுகு இளகி மெட்டு நகர்ந்தால் ஸ்வரமே மாறிவிடும். போட்டோ நன்றாக வந்து என்ன பயன்?

குடமும் தண்டியும் சேரும் இடத்தை குளோசப்பில் எடுப்பது ரொம்ப முக்கியம். ஒரே மரத்தில் குடைந்த ஏகாண்ட வீணையில் அங்கே ஒட்டு இருக்காது. விலையும் அதனால் கூடும். விரிசல் இருந்தால் பக்கவாட்டு வெளிச்சத்தில் அதையும் எடுத்துப் போடுங்க. வாங்குபவர் வீட்டுக்கு வந்து பார்த்தபின் பேரம் உடைவதைவிட அது மேல்.