பார்லர் குடும்பத்துச் சிற்பிகள்

ஐரோப்பாவின் மத்திய காலத் தேவாலயங்களைக் கண்டு வியக்கிறவர்கள் அவற்றைக் கட்டுவித்த அரசர்களையும் ஆயர்களையும் பெயர் சொல்லி அறிவார்களே அன்றி, உளியும் கோணமட்டமும் பிடித்த கரங்கள் யாருடையவை என்று பெரும்பாலும் விசாரிப்பதில்லை. இதற்கு விலக்காகப் பதினான்காம் நூற்றாண்டு ஜெர்மானிய தேசத்துப் பார்லர் குடும்பம் தன் பெயரையும் முத்திரையையும், ஏன், முகத்தையுமே கல்லில் விட்டுச் சென்றது.

கோலோன் பேராலயத் திருப்பணியில் கொத்தர்களுக்கு மேலாளராக இருந்த ஹைன்ரிக் பார்லர், ஷ்வேபிஷ் க்முண்ட் என்னும் சிறு நகரில் குடியேறித் திருச்சிலுவை ஆலயத்தின் பணியை ஏற்றார். நடுக்கூடத்தை மட்டும் உயர்த்திப் பக்கக் கூடங்களைத் தாழ்த்தும் பிரெஞ்சு மரபை விட்டு, மூன்றையும் ஒரே உயரத்துக்கு எழுப்பியமையால், உள்ளே நுழைகிறவனுக்கு அது பிரிவற்ற விசாலமான மண்டபமாகத் தோன்றும். 1351-இல் பீடப் பகுதிக்கு அஸ்திவாரமிட்டார்கள். 1497-இல், புனித வெள்ளி இரவில், ஆலயத்தின் இரு கோபுரங்களும் சரிந்து விழுந்தன என்பது வேறு கதை.

ஹைன்ரிக்கின் மகன் பீட்டரே குலத்தின் சூடாமணி. பிராக் நகரில் புனித வீட்டஸ் பேராலயத்தைத் தொடங்கிய அராஸ் நகரத்து மத்தியாஸ் 1352-இல் காலமாகிவிட, சக்கரவர்த்தி நான்காம் சார்லஸ் 1356-இல் இருபத்து மூன்றே வயதான இவ்வாலிபரை அழைத்துப் பொறுப்பை ஒப்படைத்தார். இத்தகைய துணிச்சலை ராஜாக்களிடம் நாம் அடிக்கடி காண்பதில்லை. முன்னவர் வரைந்த கோலத்தை அப்படியே பூர்த்தி செய்திருந்தாலும் பீட்டருக்குக் கௌரவம் குறைந்திராது. அவரோ கூரையிலே தம் சுதந்திரத்தைக் காட்டினார். அதுவரை வளைவுக் கூரையின் விலாக்கற்கள் ஒவ்வொரு கட்டத்திலும் குறுக்கே பிணைந்து, கட்டம் கட்டமாகவே பார்வையை நிறுத்தின. பீட்டர் அக்குறுக்குக் கல்லை நீக்கி, இணை இணையாக ஓடும் விலாக்கற்களை வலைபோல் பின்னவிட்டார். அதனால் பார்வை தடையின்றிப் பீடம்வரை வழுக்கிச் செல்கிறது. பொருள் காப்பறையிலோ, கூரையைத் தொடாமல் அந்தரத்தில் வளைந்து வரும் விலாக்கற்களின் சந்திப்பில் ஒரு முடிச்சுக்கல்லைத் தொங்கவிட்டிருக்கிறார். பாரத்தைக் கணக்கிடும் சாஸ்திரம் ஏட்டில் ஏறாத காலத்தில், அனுபவ ஞானமொன்றையே துணையாகக் கொண்டு செய்த காரியம் இது.

1385-இல் பீடப் பகுதி அபிஷேகம் பெற்றது. அதன் மேல்நடைவழியில், தரையிலிருந்து பார்ப்பவருக்கு எளிதில் புலப்படாத உயரத்தில், 21 மார்பளவுப் பிரதிமைகள் உள்ளன. சக்கரவர்த்தி, அவருடைய நான்கு தேவியர், பேராயர்கள் ஆகியோரோடு, மத்தியாஸும் பீட்டரும் அதே வரிசையில் இடம் பெற்றிருக்கிறார்கள். பீட்டரின் பிரதிமை, குடும்ப முத்திரையாகிய மடிந்த கோணக் கோலைத் தாங்குகிறது; அதனுடன் உள்ள லத்தீன் வாசகம் வல்தாவா நதியின் பாலத்தையும் கோலின் நகரத்து ஆலயப் பீடத்தையும் அவர் பணிகளாக உரைக்கிறது. ஊழியனுக்கும் உடையவனுக்கும் சரியாசனம் அளித்த இந்தப் பண்பில் சக்கரவர்த்தியின் பெருந்தன்மை எவ்வளவு, ஸ்தபதியின் தன்னம்பிக்கை எவ்வளவு என்று பிரித்துரைக்க எனக்கு மனமில்லை, இரண்டும் கலந்திருக்கலாம்.

கல் வேலையின் ரகசியங்கள் தகப்பனிடமிருந்து மகனுக்கு வழிவழியாக இறங்கிய அக்காலத்தில், ஒரு குடும்பத்தின் பரவலே ஒரு பாணியின் பரவலாயிற்று. ஃப்ரைபர்க் ஆலயப் பீடம், 1356-ஆம் ஆண்டுப் பூகம்பத்தில் சிதைந்த பாசல் பேராலயத்தின் புனருத்தாரணம், 1377-இல் தொடங்கிய உல்ம் ஆலயம் ஆகியவற்றில் இம்மரபினரின் கை உண்டு. பீட்டரின் மக்களில் வென்ஸெல் வியன்னாவுக்குப் போனார். யோகான் குட்னா ஹோராவில் புனித பார்பரா ஆலயத்தோடு சம்பந்தப்பட்டார். 1399-இல் பீட்டர் மறைந்தார். உல்மில் 1392-லேயே தலைமை என்ஸிங்கன் உல்ரிக்கிடம் போயிருந்தது. பிராக்கிலும் சிறிது காலத்துக்குள் ஹுஸ்ஸைட் யுத்தம் வேலையை நிறுத்திவிட, பேராலயம் முற்றுப்பெற 1929 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.