எல்எஸ்3/5ஏ: கோப்பு எண் ஒன்று கடைக்கு வந்த கதை

குன்னத்தூர்ப் பக்கம் கோயில் நோன்பிக்கு மைக் செட் கட்டுகிறவர்களுக்கு ஸ்பீக்கர் நம்பரில் குழப்பமே கிடையாது. நம்பர் என்றால் வாட்ஸ். எத்தனை வாட்ஸ், எத்தனை பெட்டி, வாடகை எவ்வளவு என்று கேட்டால் பேச்சு முடிந்தது. அந்தப் பழக்கத்தில், கையில் நாலு காசு சேர்ந்த பனியன் கம்பெனிக்காரர் ஒருவர் வீட்டுக்கு உசத்தியான ஸ்பீக்கர் தேடினால், கேஇஎஃப் கம்பெனியின் ‘எல்எஸ்50’ஐ 50 வாட்ஸ் என்றுதான் எடுத்துக்கொள்வார். ஆனால் அந்த 50 கம்பெனியின் வயது. 1961இல் தொடங்கிய கேஇஎஃப், பொன்விழாவை வைத்து 2012இல் இட்ட பெயர் அது. ‘எல்எஸ்’ஸோ அவர்கள் சொத்தே இல்லை, பிபிசியின் அலுவலகக் குறியீடு.

பிபிசியின் ஆராய்ச்சிப் பிரிவு முன்பு லண்டனுக்குத் தெற்கே கிங்ஸ்வுட் வாரன் என்ற பழைய மாளிகையில் இருந்தது. ஸ்டூடியோவை எட்டில் ஒரு பங்கு அளவில் மாதிரியாகச் செய்து, உள்ளே ஒலி எப்படி நடந்துகொள்கிறது என்று அங்கே சோதித்தார்கள். அதற்காக ஒரு குட்டி ஸ்பீக்கர் செய்யவேண்டி வந்தது. செய்து கேட்டால், அளவுக்கு மீறி நன்றாக இருந்தது. இன்னொரு பக்கம், வெளிப்புற ஒலிபரப்பு வேன்களில் பெரிய மானிட்டர் ஸ்பீக்கர் வைக்க இடமில்லை. ஹெட்போனை மட்டும் நம்பி வேலை செய்யவும் முடியவில்லை. அந்தக் குட்டிப் பெட்டியே வேனுக்குப் போகட்டும் என்று முடிவானது.

வேனுக்குப் போன பெட்டிக்குத்தான் எல்எஸ்3/5 என்று எண் போட்டார்கள். எல்எஸ் என்றால் லவுட்ஸ்பீக்கர். 3 என்றால் வெளிப்புற ஒலிபரப்பு. ஸ்டூடியோவுக்கு என்றால் 5. சாய்கோட்டுக்குப் பின்னால் வருவது அந்த வகையில் எத்தனையாவது வடிவமைப்பு என்பது. பிறகு ஸ்பீக்கர் யூனிட்களைத் தந்த கேஇஎஃப் அவற்றில் மாற்றம் செய்ய, பெட்டியையும் திருத்தி வடிவமைக்க வேண்டியதாயிற்று. அந்தத் திருத்தம்தான் ‘ஏ’. நூலில் நம்பர் ஏறினால் இழை மெலிசு என்றாவது ஒரு கணக்கு உண்டு. 30ஐவிட 40 சன்னம். இங்கே அதுவும் கிடையாது. எல்எஸ்3/6 எல்எஸ்3/5ஏவைவிடப் பெரியது, எல்எஸ்5/9 எல்எஸ்5/8ஐவிடச் சிறியது. எல்எஸ்3/5ஏவுக்குள் கீச்சு ஒலிக்கென்று இருக்கும் ட்வீட்டரின் பெயர் டி27. அதன் குமிழ் 19 மில்லிமீட்டர்தான்.

பெட்டி 30 சென்டிமீட்டர் உயரம், 19 அகலம். முன்துணியைக் கழற்றினால் ட்வீட்டரைச் சுற்றி நாலு பக்கமும் தடித்த ஃபெல்ட் பட்டை ஒட்டியிருக்கும். ஒலி பெட்டியின் விளிம்பில் பட்டுச் சிதறாமல் இருக்க அந்த ஏற்பாடு. சத்தம் குறைவு, அடிச்சத்தமும் அவ்வளவாக வராது. நோன்பிக்குக் கட்டினால் ஊரே சிரிக்கும். மனிதக் குரலைக் கேட்பதற்கென்று செய்த பெட்டி அது. அந்த வேலையில் அதை மிஞ்சியவை குறைவு என்பது என் கட்சி.

பிபிசி இதைத் தானே தயாரித்து விற்கவில்லை. 1970களின் நடுவிலிருந்து ரோஜர்ஸ், சார்ட்வெல், ஆடியோமாஸ்டர், ஸ்பெண்டார், ஹார்பெத் என்று பல கம்பெனிகளுக்கு உரிமம் கொடுத்தது. யார் செய்தாலும் பிபிசி வகுத்த அளவுகோலுக்குள் அடங்கவேண்டும் என்பது நிபந்தனை. எல்லார் பெட்டியிலும் ஒரே பெயர். இஞ்சினியர்களுக்கு இது வசதிதான். வெளிச்சந்தைக்கு வந்த பிறகு வாங்குகிறவர் பாடு திண்டாட்டம். 1980களின் கடைசியில் 15 ஓம் பெட்டி 11 ஓம் ஆனது. உள்ளே ஒலியைப் பிரித்தனுப்பும் கிராஸோவரே வேறு, வெளியே அதே எல்எஸ்3/5ஏ. பழைய 15 ஓம் ஜோடிக்குத்தான் மவுசு என்று சேகரிப்பவர்கள் விலையை ஏற்றினார்கள். ஜப்பானிலும் ஹாங்காங்கிலும் அந்தப் பித்து அதிகம். ரோஜர்ஸும் கேஇஎஃப்பும் 1990களில் ஹாங்காங் முதலாளிகளின் கைக்கே போய்ச் சேர்ந்தன.

விலைப்பட்டியலில் இருப்பது வேறு குழப்பம். பிரிட்டனில் கடை விலைக்குள் 20 சதவீத வாட் வரி அடங்கியிருக்கும். அமெரிக்காவில் எழுதியிருக்கும் விலையில் விற்பனை வரி சேராது. அது பில் போடும்போது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். இங்கே எம்ஆர்பி என்றால் சுங்கம், ஜிஎஸ்டி, இறக்குமதி செய்பவரின் லாபம் எல்லாம் உள்ளடக்கம். டாலர் விலையை ரூபாயில் பெருக்கிப் பார்த்துவிட்டு ‘கோயமுத்தூர்க் கடைக்காரன் கொள்ளையடிக்கிறான்’ என்று கொதிப்பவர்கள் பாதிக் கணக்கோடு நிற்கிறார்கள். மீதிப் பாதியைப் போட்ட பிறகும் இங்கே கூடுதலாகத்தான் வரும்; அப்போது கடைக்காரரிடம் பேரம் பேசலாம்.

கேஇஎஃப் 2020இல் ‘எல்எஸ்50 மெட்டா’ என்று ஒன்று விட்டது. 2022இல் வந்தது எல்எஸ்60. ஆளுயரத்தில் பாதிக்கு மேல் நிற்கும் வயர்லெஸ் டவர் அது. கம்பெனிக்கு அறுபது ஆகிவிட்டதாம்.